அனைத்துலக உயர்கல்வியை ஆராயவும் கற்பிக்கவும் விரும்புவோருக்கு: சிங்கப்பூரிலிருந்து ஒரு வழிகாட்டி

சிங்கப்பூரின் தன்னாட்சிப் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் கிடைத்த வெளிநாட்டு மாணவர், அரசாங்கத்தின் கல்விக் கட்டண மானியத்தை ஏற்பதாக இருந்தால், ஓர் ஒப்பந்தப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். பட்டம் பெற்றபின் மூன்றாண்டு சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றில் வேலை பார்ப்பேன் என்பதும், தவறினால் பெற்ற மானியத்தை வட்டியோடு இழப்பீடாகக் கட்டுவேன் என்பதும் அதன் சாரம். பிணையாளர்களும் கையெழுத்திட வேண்டும் என்பதால், தஞ்சாவூரில் உரக்கடை வைத்திருக்கும் தாய்மாமன் ஒருவர், தாம் கண்ணால் பார்த்திராத ஒரு வளாகத்தில் மருமகன் படிப்பதற்காகப் பிணை நிற்கிறார்.

மாணவரும் பல்கலைக்கழகமும் பட்டமும் நாட்டெல்லை தாண்டுவதை ஆராயும் இந்தத் துறையைத் தொழிலாகக் கொள்ள விரும்பி என்னிடம் வருவோருக்கு நான் முதலில் படிக்கக் கொடுப்பது அந்தப் பத்திரத்தின் விதிகளைத்தான். கோட்பாட்டு நூல்கள் பிறகு வரலாம். ஒரு நாடு தன் வரிப்பணத்தைப் பிற நாட்டு மாணவருக்கு ஏன் செலவிடுகிறது, அந்தச் செலவை எப்படி மீட்டெடுக்கிறது, மூன்றாண்டு வேலைக்குப் பிறகு அவர்களில் யார் தங்குகிறார், யார் கிளம்புகிறார், ஊரில் இருக்கும் உறவுமுறை எவ்வாறு ஒரு நிதி உத்தரவாதமாக மாறுகிறது என்று அந்தச் சில பக்கங்களிலிருந்தே ஐந்தாறு ஆய்வேடுகளுக்கான கேள்விகளை எடுத்துவிடலாம். “உயர்கல்வியின் உலகமயமாதல்” என்ற பெருந்தலைப்போடு வருபவர் இரண்டாம் ஆண்டில் திணறுவதையும், இத்தகைய ஒரு தாளைக் கையில் பிடித்துக்கொண்டு அது போகும் இடமெல்லாம் பின்தொடர்ந்தவர் ஆய்வேட்டை முடித்துவிடுவதையும் பலமுறை பார்த்திருக்கிறேன். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த அனுபவத்தின் மேல் நிற்கிறது.

முதலில் ஒரு தாய்த்துறை

அனைத்துலக உயர்கல்வி என்பது சொந்த வீடு இல்லாத துறை. சில பல்கலைக்கழகங்களில் அது கல்வியியல் புலத்துக்குள் இருக்கும்; சிலவற்றில் பொதுக்கொள்கைப் பள்ளியில், சமூகவியலில், புவியியலில், வரலாற்றில் ஒண்டுக்குடித்தனம் நடத்தும். அமெரிக்காவில் பாஸ்டன் கல்லூரியில் 1995ஆம் ஆண்டு ஃபிலிப் அல்ட்பாக் நிறுவிய அனைத்துலக உயர்கல்வி மையத்தைப் போலப் பெயர்ப்பலகையிலேயே துறையைத் தாங்கிய இடங்கள் உலகில் குறைவு. வேலைக்கு விண்ணப்பிக்கும்போதுதான் இதன் விளைவு தெரியும். தேர்வுக் குழுவில் அமர்ந்திருப்பவர் சமூகவியலாளராகவோ பொருளியலாளராகவோ இருப்பார். தம் துறையின் அடிப்படைப் பாடம் ஒன்றை உங்களால் நடத்த முடியுமா என்று அவர் கேட்பார். ஆகவே முதுகலைப் பருவத்திலேயே ஒரு தாய்த்துறையைத் தேர்ந்து, அதன் முறையியலை, அது புள்ளியியலாக இருந்தாலும் களப்பணியாக இருந்தாலும் ஆவண ஆய்வாக இருந்தாலும், வேறு யாரும் குறை சொல்ல முடியாத அளவுக்குக் கற்றுக்கொள்ள வேண்டும்.

துறையின் சொந்தச் சொல்லாடலையும் தெரிந்துகொள்ளாமல் தீராது. அனைத்துலகமயமாக்கல் என்பதற்கு 2003ஆம் ஆண்டு ஆய்வாளர் ஜேன் நைட் தந்த விளக்கத்தைச் சுட்டாத கட்டுரையைக் காண்பது கடினம். உயர்கல்வியின் நோக்கத்திலும் பணிகளிலும் கற்பிக்கும் முறையிலும் அனைத்துலக, பண்பாட்டிடைப் பரிமாணங்களை இணைக்கும் செயல்முறை என்பது அதன் கருத்து. 2015ஆம் ஆண்டு ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்காகச் செய்யப்பட்ட ஆய்வொன்று, அது திட்டமிட்டுச் செய்யப்படுவது என்பதையும், கல்வித் தரத்துக்கும் சமூகத்துக்கும் பயன் தர வேண்டும் என்பதையும் அந்த விளக்கத்தோடு சேர்த்தது. சில நாட்டுப் பல்கலைக்கழகங்களே அறிவின் மையம், மற்றவை விளிம்பு என்ற அல்ட்பாக்கின் பார்வையையும், சைமன் மார்ஜின்சன் போன்ற ஆய்வாளர்கள் அதனோடு நடத்திய விவாதத்தையும் படித்துவிட்டால், மாநாட்டில் யார் எந்தப் பக்கம் நின்று பேசுகிறார் என்பது விளங்கிவிடும். இதற்கு ஆறு மாதம் போதும். அதற்கு மேல் கோட்பாட்டிலேயே உட்கார்ந்திருப்பது, சமையலறைக்குள் நுழையாமல் சமையல் குறிப்புகளை மனப்பாடம் செய்வது போன்றது.

எண்ணுவதிலிருந்தே தொடங்கும் சிக்கல்

யுனெஸ்கோவின் கணக்குப்படி, படிப்புக்காக எல்லை தாண்டிய மாணவர்கள் 2000ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 20 லட்சம் பேர். 2020களின் தொடக்கத்தில் அந்த எண்ணிக்கை 60 லட்சத்தைத் தாண்டிவிட்டது. இந்த எண்களை அறிமுகப் பத்தியில் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவது எல்லோருடைய வழக்கம். கொஞ்சம் நின்று, யாரை எண்ணினார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

சிங்கப்பூரின் ஈசூனில் தொடக்கநிலை ஒன்றிலிருந்து படித்து, பலதுறைத் தொழிற்கல்லூரிக்கும் போய், பிறகு பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். பெற்றோர் மதுரைக்காரர்கள், அவர் கையில் இருப்பது இந்தியக் கடவுச்சீட்டு. குடியுரிமையை வைத்து எண்ணினால் அவர் வெளிநாட்டு மாணவி. படிப்புக்காக எல்லை தாண்டியவரா என்று கேட்டால், உயர்கல்விக்காக அவர் தாண்டியதெல்லாம் ஒரு விரைவுச்சாலைதான். நிரந்தரவாசி என்றால் கட்டண விகிதம் ஒன்று, மாணவர் அனுமதி அட்டையில் இருந்தால் வேறொன்று. ஒரே ஆளைக் கட்டண அலுவலகம் ஒருவிதமாகவும், குடிநுழைவுத் துறை ஒருவிதமாகவும், பாரிசில் அமர்ந்து புள்ளிவிவரம் தொகுப்பவர் மற்றொருவிதமாகவும் எண்ணுகிறார்கள். நாடுகளை ஒப்பிடும் அட்டவணைகளில் சில குடியுரிமையையும் சில முந்தைய கல்வி பெற்ற நாட்டையும் அடிப்படையாகக் கொள்வதால், அடிக்குறிப்பைப் படிக்காமல் இரண்டு நெடுவரிசைகளைக் கூட்டிவிடுபவர் தம் முதல் கட்டுரையிலேயே மாட்டிக்கொள்வார்.

இந்த எண்களுக்கு உள்நாட்டு அரசியலும் உண்டு. 2011ஆம் ஆண்டு வெளிநாட்டு மாணவர் எண்ணிக்கை பொதுவிவாதமானபோது, பல்கலைக்கழகங்களில் அவர்களது பங்கை 18 விழுக்காட்டிலிருந்து 15 விழுக்காட்டுக்குக் குறைக்கப் போவதாக அரசாங்கம் அறிவித்தது. கல்வி அமைச்சு ஆண்டுதோறும் வெளியிடும் கல்விப் புள்ளிவிவரத் தொகுப்பையும் நாடாளுமன்ற விவாதப் பதிவுகளையும் அருகருகே வைத்துப் படித்தால், ஒரு விழுக்காடு எப்போது வெறும் எண்ணாக இருக்கிறது, எப்போது வாக்குறுதியாக மாறுகிறது என்பதைப் பார்க்கலாம்.

வாசற்படியிலேயே களம்

வெளிநாட்டுக்குப் போனால்தான் அனைத்துலக உயர்கல்வியை ஆராயலாம் என்று நினைப்பவர்கள் சிங்கப்பூரில் நிறைய இருக்கிறார்கள். நேர்மாறாக, இத்துறையின் எல்லாச் சோதனைகளும் நடந்து முடிந்த ஆய்வுக்கூடம் இந்தத் தீவு.

1905ஆம் ஆண்டு தொடங்கிய மருத்துவப் பள்ளியும் 1928ஆம் ஆண்டு தொடங்கிய ராஃபிள்ஸ் கல்லூரியும் 1949ஆம் ஆண்டு இணைந்து மலாயாப் பல்கலைக்கழகம் ஆயின. அதற்குச் சில ஆண்டுகள் கழித்துச் சீனச் சமூகத்தின் நன்கொடையில், டிரைஷா ஓட்டுநர்கள் கொடுத்த காசும் சேர்ந்து, நன்யாங் பல்கலைக்கழகம் எழுந்தது; 1980ஆம் ஆண்டு அது, மலாயாப் பல்கலைக்கழகத்தின் வழிவந்த சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டுச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் பிறந்தது. இந்த இரண்டு வரலாறுகளையும் பற்றி எழுதியவர்கள் பலர். அதே காலத்தில் தமிழர்கள் என்ன செய்தார்கள் என்பதைப் பற்றி ஆங்கில ஆய்விதழ்களில் தேடினால் கிடைப்பது சொற்பம். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை அமைக்கும் பேச்சு எழுந்தபோது அதன் முதன்மை மொழி சமஸ்கிருதமா தமிழா என்ற சர்ச்சை மூண்டது. தமிழ் முரசு நாளிதழின் நிறுவனர் கோ. சாரங்கபாணி தமிழுக்காக வாதாடியதோடு நிற்காமல், “தமிழ் எங்கள் உயிர்” என்ற பெயரில் எளிய மக்களிடம் நிதி திரட்டினார். துறை 1956ஆம் ஆண்டு அமைந்தது. பின்னர் கோலாலம்பூருக்குச் சென்றது. காலனிய ஆட்சியில் அமைந்த ஒரு பல்கலைக்கழகம், சென்னையிலிருந்து வந்த அறிஞர்களின் கருத்து, மலாயாவில் உழைத்தவர்களின் சேமிப்பு ஆகிய மூன்றும் ஒரு பாடத்திட்டத்தின் மேல் மோதிக்கொண்ட நிகழ்வு அது. தேசிய நூலக வாரியத்தின் மின்னிலக்க நாளிதழ்த் தொகுப்பில் தமிழ் முரசின் பழைய இதழ்களைப் படிக்க முடிகிற இளையர் ஒருவர், தமிழ் தெரியாத எந்தப் பேராசிரியராலும் எழுத முடியாத கட்டுரையை எழுதலாம். நானே எழுதியிருக்க வேண்டும் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு, இப்போது விட்டுக்கொடுத்துவிட்டேன்.

அண்மைக்காலம் இன்னும் வளமானது. 2002ஆம் ஆண்டு சிங்கப்பூர் தன்னை உலகின் பள்ளிக்கூடமாக்கும் திட்டத்தை முன்வைத்தது. 2015ஆம் ஆண்டுக்குள் 150,000 வெளிநாட்டு மாணவர்கள் என்பது அப்போது பேசப்பட்ட இலக்கு. நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் வளாகம் 2007ஆம் ஆண்டு திறந்து, ஒரே பருவத்தில், அதே ஆண்டு மூடப்பட்டது. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் டிஷ் கலைப்பள்ளி அதே 2007ஆம் ஆண்டு வந்து 2015ஆம் ஆண்டோடு விடைபெற்றது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகமும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் சேர்ந்து அமைத்த யேல்-என்யுஎஸ் கல்லூரி, தன் முதல் அணி மாணவர்களை 2013ஆம் ஆண்டு சேர்த்தது. 2021ஆம் ஆண்டு ஆகஸ்டில் அதை மூடும் முடிவு அறிவிக்கப்பட்டது. கடைசி அணி 2025ஆம் ஆண்டு வெளியேறியது. இன்னொரு பக்கம், 2000ஆம் ஆண்டு வந்த பிரெஞ்சு வணிகப் பள்ளியான இன்சியாட்டும் 2003ஆம் ஆண்டு வந்த ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகமும் இன்றும் இயங்குகின்றன. ஏன் சிலர் நின்றார்கள், சிலர் போனார்கள் என்று கேட்பது பழைய கேள்வி. பதில்களும் பல வந்துவிட்டன. ஒரு வளாகம் மூடப்படும்போது பாதிப் படிப்பில் நிற்கும் மாணவர், வீட்டைக் காலி செய்துவிட்டு வந்த விரிவுரையாளர், நிலமும் மானியமும் கொடுத்த அரசாங்கம் ஆகியோரில் செலவை யார் சுமந்தார் என்று கேட்டால் இன்னும் எழுத இடமிருக்கிறது.

துவாஸ் இரண்டாம் இணைப்பைத் தாண்டினால் ஜோகூரின் எடியுசிட்டியில் 2010களில் நியூகாசல் மருத்துவப் பள்ளி, சவுத்ஹாம்டன், ரெடிங் எனப் பிரிட்டிஷ் பெயர்ப்பலகைகள் வரிசையாக எழுந்தன. வளாக வாசலில் ஒரு நாள் நின்று, வரும் வாகனங்களின் பதிவெண் எந்த நாட்டுடையது என்று பார்த்தாலே ஒரு கேள்வி கிடைத்துவிடும். இந்தியப் பக்கம் பார்ப்பவர்களுக்கு வேலை இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. சென்னை ஐஐடி 2023ஆம் ஆண்டு சான்சிபாரில் வளாகம் திறந்தது. அதே ஆண்டு வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் இந்தியாவில் வளாகம் அமைப்பதற்கான விதிமுறைகளை இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்டது. வாங்குவோராகவே அறியப்பட்ட நாடு விற்பவராகவும் மாறும் தருணத்தில், தமிழும் ஆங்கிலமும் அறிந்து இரண்டு நாட்டு அலுவலக நடைமுறையும் புரிந்த ஆய்வாளர்கள் தேவைப்படுவார்கள்.

ஒரு நடைமுறைக் குறிப்பு. மூடப்பட்ட வளாகங்களின் இணையப் பக்கங்கள் சில மாதங்களில் மறைந்துவிடும். இன்று இயங்கும் நிறுவனங்களின் கட்டண அட்டவணை, சேர்க்கை விதிகள், விளம்பரச் சொற்கள் ஆகியவற்றை ஆண்டுக்கொருமுறை பதிவிறக்கித் தேதியிட்டு வையுங்கள். பத்தாண்டு கழித்து அது உங்களிடம் மட்டுமே இருக்கும் ஆவணமாகிவிடும்.

முனைவர் பட்டமும் நெறியாளரும்

சிங்கப்பூரில் கல்வியியல் சார்ந்த முனைவர் பட்டத்துக்கு நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் அங்கமான தேசியக் கல்விக் கழகம் இயல்பான இடம். பொதுக்கொள்கை வழியாக வருவோர் லீ குவான் இயூ பொதுக்கொள்கைப் பள்ளியையும், புலம்பெயர்வு வழியாக வருவோர் சமூகவியல், புவியியல் துறைகளையும் நாடலாம். உதவித்தொகை பெரும்பாலும் நான்காண்டுக்குள் முடிந்துவிடும் என்பதால், ஐந்தாம் ஆண்டுக்கான செலவை முதல் ஆண்டிலேயே கணக்கிட்டுக்கொள்வது நல்லது. வீட்டுக் கடன், பெற்றோரின் மருத்துவச் செலவு என்று பொறுப்புகள் உள்ளவர்கள் பகுதிநேரமாகச் செய்வதில் எந்தத் தாழ்வும் இல்லை. பல்கலைக்கழக நிர்வாகத்தில் வேலை பார்த்துக்கொண்டே ஆய்வு செய்பவருக்குக் கோப்புகளின் மொழி புரியும்.

நெறியாளரைத் தேடும்போது அவரது புகழைவிட, கடைசியாக முடித்த மூன்று மாணவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்பதை விசாரியுங்கள். அவர்களில் ஒருவரைக் காப்பிக்கடைக்கு அழைத்து ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுத்தால், எந்த இணையத்தளமும் சொல்லாத செய்திகள் கிடைக்கும். நெறியாளருக்கு அனுப்பும் முதல் மின்னஞ்சலில் வாழ்க்கை வரலாறு வேண்டாம். எந்த ஆவணம், எந்தக் கேள்வி, ஏன் இப்போது என்று மூன்று பத்திகள் போதும்.

களத்தில்

உயர்கல்வி நிறுவனங்களை ஆராய்வதில் ஒரு தனிச் சிரமம் உண்டு. நாம் பேட்டி காண்பவர்கள் பேட்டி கொடுப்பதில் நம்மைவிடத் தேர்ந்தவர்கள். “அனைத்துலகமயமாக்கல் குறித்து உங்கள் கருத்து என்ன?” என்று ஒரு துணைத் தலைவரிடம் கேட்டால், நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் உள்ள வாக்கியங்களே வாய்வழியாகத் திரும்பி வரும். என் முதல் பன்னிரண்டு பேட்டிகள் அப்படித்தான் வீணாயின. பிறகு கேள்வியை மாற்றினேன். “கடந்த ஆண்டு கையெழுத்தான புரிந்துணர்வு ஒப்பந்தங்களில் ஒன்றைச் சொல்லுங்கள், கையெழுத்தான மறுநாள் யார் மேசைக்கு அது போனது?” என்று கேட்டேன். பெரும்பாலானவை எந்த மேசைக்கும் போகவில்லை என்பது தெரிந்தது. ஆய்வேட்டின் மையமே அதுவாகிவிட்டது.

மாணவர்களைப் பேட்டி காணும்போது தமிழ் பெரிய வசதி. தமிழ்நாட்டிலிருந்து வந்த மாணவர் ஆங்கிலத்தில் பேசும்போது “நல்ல வாய்ப்பு” என்று முடித்துக்கொள்வார். தமிழுக்கு மாறியதும் அக்காவின் நகை அடகில் இருப்பதைச் சொல்வார். அந்த நெருக்கம் பொறுப்பையும் கூட்டுகிறது. ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதி கிடைக்குமுன் ஒருவரையும் பேட்டி காணக் கூடாது. உங்களிடமே படிக்கும் மாணவரைப் பங்கேற்க அழைப்பதாக இருந்தால், மதிப்பெண் போடும் கை உங்களுடையது என்பதால், அழைப்பையும் ஒப்புதலையும் வேறொருவர் வழியே செய்ய வேண்டும். சிங்கப்பூர்த் தமிழ் மாணவர் உலகம் சிறியது. “திருவாரூரைச் சேர்ந்த, உதவித்தொகை பெற்ற, கடல்சார் பொறியியல் மாணவி” என்று எழுதினாலே யார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். பெயரை மாற்றுவது மட்டும் மறைப்பாகாது. ஊரையோ படிப்பையோ சேர்த்து மாற்றுங்கள்.

கட்டுரையைக் கரை சேர்த்தல்

1972ஆம் ஆண்டிலிருந்து வரும் ஹையர் எஜுகேஷன், 1997ஆம் ஆண்டு தொடங்கிய ஜர்னல் ஆஃப் ஸ்டடீஸ் இன் இன்டர்நேஷனல் எஜுகேஷன், தேசியக் கல்விக் கழகத்தோடு தொடர்புடைய ஏஷியா பசிபிக் ஜர்னல் ஆஃப் எஜுகேஷன் ஆகியவற்றில் கடந்த மூன்றாண்டு உள்ளடக்கப் பட்டியலைப் படித்துவிட்டு, உங்கள் கட்டுரை எந்த உரையாடலில் சேரும் என்று முடிவு செய்யுங்கள். பணம் கட்டினால் இரண்டே வாரத்தில் வெளியிடுவதாக வாக்களிக்கும் மின்னஞ்சல்களை அழித்துவிடுங்கள். வேலை நேர்காணலில் அத்தகைய ஒரு வெளியீடு பத்து நல்லவற்றின் மேல் நிழல் விழச் செய்யும்.

என் முதல் கட்டுரை, நல்ல ஆய்விதழ் ஒன்றின் ஆசிரியரிடமிருந்து, மதிப்பீட்டாளர்களுக்கே போகாமல், பதினோராம் நாள் திரும்பி வந்தது. அவர் எழுதியிருந்தது ஒரே வாக்கியம்: சிங்கப்பூரைப் பற்றி அக்கறையில்லாத வாசகர் இதிலிருந்து எதைக் கற்பார்? கோபம் தணிய ஒரு மாதமானது. அதன்பின் தலைப்பிலிருந்து சிங்கப்பூரை எடுத்து, ஒப்பந்தங்கள் கையெழுத்தானபின் செயலற்றுப் போவது ஏன் என்ற பொதுக்கேள்வியை முன்னால் வைத்து, சிங்கப்பூரை அதற்கான சான்றாக இரண்டாம் பகுதிக்கு நகர்த்தினேன். தரவில் ஒரு வரிகூட மாறவில்லை. வேறோர் இதழில் அது வெளியானது. நம் ஊரைப் பற்றி எழுதும்போது, ஊரின் முக்கியத்துவம் வாசகருக்கு முன்பே தெரியும் என்று நாம் எண்ணிவிடுகிறோம். அந்த எண்ணத்தோடு எழுதப்பட்ட அறிமுகப் பகுதியை அப்படியே வெட்டிவிடலாம்.

வகுப்பறை

கற்பித்தலை ஆய்வுக்கு இடையூறாகப் பார்ப்பவர் இத்துறையில் நீடிப்பது கடினம், ஏனெனில் நம் வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களே நாம் எழுதும் பொருள். என் வகுப்புகளில் ஒன்றை அப்படியே தருகிறேன்; எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

1995ஆம் ஆண்டு நடப்புக்கு வந்த உலக வர்த்தக நிறுவனத்தின் சேவை வர்த்தக உடன்படிக்கை, சேவை எல்லை தாண்டும் வழிகளை நான்காகப் பிரிக்கிறது. அந்த நான்கையும் பலகையில் எழுதினால் மாணவர் கண்கள் மூடிக்கொள்ளும். அதற்குப் பதிலாக, உட்லண்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில் தீபாவளிக்குக் கூடியிருக்கும் ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளச் சொல்வேன். மூத்த அண்ணன் வேலைக்குப் போய்க்கொண்டே வரவேற்பறை மேசையில் அமர்ந்து லண்டன் பல்கலைக்கழகத்தின் தொலைக்கல்விப் பட்டத்துக்குப் படிக்கிறார். சேவை மட்டும் எல்லை தாண்டி வருகிறது. அக்கா மெல்பர்னில் படித்துவிட்டு விடுமுறைக்கு வந்திருக்கிறார். நுகர்வோர் எல்லை தாண்டினார். தம்பி சிம்ஸ் டிரைவில் உள்ள ஆஸ்திரேலியப் பல்கலைக்கழக வளாகத்துக்கு ரயிலில் போய் வருகிறான்; நிறுவனம் எல்லை தாண்டி வந்து கடை விரித்திருக்கிறது. முறுக்குத் தட்டைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டிருக்கும் பெரியப்பா, இங்கே ஓராண்டு வருகைதரு பேராசிரியராகப் பாடம் நடத்தச் சென்னையிலிருந்து வந்தவர். ஆள் எல்லை தாண்டினார். இதற்குமேல் யாரும் அந்த நான்கையும் மறப்பதில்லை. பிறகுதான் உண்மையான கேள்வி: நால்வரில் யாருடைய பட்டத்துக்கு நாளை எந்த முதலாளி எவ்வளவு சம்பளம் தருவார், அதைத் தீர்மானிப்பது யார்?

அங்கிருந்து வகுப்பு, பட்ட அங்கீகாரத்துக்கு நகரும். உயர்கல்வித் தகுதிகளை அங்கீகரிப்பது குறித்த யுனெஸ்கோவின் உலக உடன்படிக்கை 2019ஆம் ஆண்டு ஏற்கப்பட்டு 2023ஆம் ஆண்டு நடப்புக்கு வந்தது. ஆனால் சிங்கப்பூரில் வேலை தேடும் பட்டதாரியின் மேல் அதைவிட உடனடியாகப் பாய்வது, 2023ஆம் ஆண்டு செப்டம்பரிலிருந்து எம்ப்ளாய்மென்ட் பாஸ் எனப்படும், வெளிநாட்டு நிபுணர்களுக்கான வேலை அனுமதி விண்ணப்பங்களுக்கு மனிதவள அமைச்சு நடைமுறைப்படுத்தும் காம்பஸ் புள்ளிமுறை. விண்ணப்பதாரரின் பட்டம் முன்னணி நிறுவனம் ஒன்றுடையதாக இருந்தால் கல்வித்தகுதிக்கு 20 புள்ளிகள். பட்டத்துக்கு இணையான மற்றத் தகுதிகளுக்கு 10. கோயம்புத்தூர்க் கல்லூரி ஒன்றின் சான்றிதழ்ப் படியை மேசையில் வைத்து, “இதற்கு எத்தனை புள்ளி, ஏன்?” என்று கேட்டால் அறை சூடாகிவிடும்.

தரவரிசையை இந்த இடத்தில் கற்பிப்பதே பொருத்தம். ஷாங்ஹாய் ஜியாவ் டோங் பல்கலைக்கழகம் உலகப் பல்கலைக்கழகங்களின் தரவரிசைப் பட்டியலை முதன்முதலாக 2003ஆம் ஆண்டு வெளியிட்டது. அடுத்த ஆண்டு லண்டனிலிருந்து இன்னொன்று வந்தது. கியூஎஸ் என்ற லண்டன் நிறுவனத்தின் பட்டியலில் கல்வியாளரிடையே உள்ள நற்பெயருக்கு நீண்ட காலம் 40 விழுக்காட்டு மதிப்பு இருந்தது. 2024ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து அது 30 ஆனது. பத்துப் பல்கலைக்கழகங்களின் மதிப்பெண்களை எக்செலில் கொடுத்து, எடையை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். எந்தப் பல்கலைக்கழகமும் ஒரு செங்கல்கூட நகராதபோது வரிசை மட்டும் இடம் மாறுவதை மாணவர்கள் தம் திரையிலேயே பார்ப்பார்கள். தரவரிசையைத் திட்டி ஒரு மணி நேரம் விரிவுரை ஆற்றுவதைவிட அந்தப் பத்து நிமிடம் ஆழமாக இறங்கும்.

மாலை ஏழு மணிக்கு வேலையிலிருந்து நேராக வகுப்புக்கு வரும் பெரியவர்களுக்குக் கற்பிக்கும் வாய்ப்பு கிடைத்தால் தவற விடாதீர்கள். மனிதவளத் துறையில் இருபதாண்டு பட்டச் சான்றிதழ்களைப் பார்த்த ஒருவர், எந்த ஊர்ச் சான்றிதழை யார் நம்புவதில்லை என்பதை உங்களுக்கே பாடமாக எடுப்பார். பகுதிநேர விரிவுரை நேரக் கணக்கில் சம்பளம் தருவது. அதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. ஆயினும் முழுநேர வேலைக்கான விண்ணப்பத்தில் கற்பித்த அனுபவத்துக்கு அதுவே சான்று.

வேலையும் ஒப்பந்தமும்

முனைவர் பட்டம் பெற்ற எல்லோருக்கும் உதவிப் பேராசிரியர் பதவி காத்திருக்கவில்லை என்பதை மறைத்துப் பயனில்லை. ஆய்வுப் பாதை, கற்பித்தல் பாதை என்று இரண்டாகப் பதவிகள் பிரிந்திருக்கின்றன. முதலாவதில் நிரந்தரப் பணியுறுதிக்கான மதிப்பீட்டின்போது உங்களை அறியாத வெளிநாட்டு அறிஞர்களிடம் கருத்துக் கேட்பார்கள். ஆகவே மாநாடுகளில் நம் ஊர்க்காரர்களோடு மட்டும் சாப்பிட உட்காரும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். பல்கலைக்கழகங்களின் அனைத்துலகத் தொடர்பு அலுவலகம், தரமேம்பாட்டுப் பிரிவு, நிறுவன ஆய்வுப் பிரிவு ஆகியவற்றிலும் இந்தப் படிப்புக்கு மதிப்பு உண்டு. அவற்றை இரண்டாந்தரம் என்று நினைப்பவர்கள் அங்கே ஒரு வாரம்கூட உட்கார்ந்து பார்த்ததில்லை என்பேன்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் ஆண்டுக்கு எத்தனை பாடம், முதல் ஆண்டில் கற்பித்தல் சுமை குறையுமா, ஆய்வுக்குத் தொடக்க நிதி உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இவற்றை எல்லோரும் கேட்பார்கள். பலரும் கேட்க மறப்பது, நீங்கள் வேலையை விட்டுப் போனால் நீங்கள் சேகரித்த பேட்டிகள் யாருக்குச் சொந்தம் என்பது. நான் ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறியபோது, நெறிமுறை அனுமதி பழைய இடத்தின் பெயரில் இருந்ததால், நாற்பத்தொரு பேட்டிகளின் ஒலிப்பதிவு அவர்களுடைய சர்வரிலேயே தங்கிவிட்டது. அனுமதியை மாற்றி எழுதி அவற்றைத் திரும்பப் பெற எட்டு மாதம் ஆனது. அதற்குள் ஒரு கட்டுரையின் திருத்தத் தவணை கடந்துவிட்டது. அன்றிலிருந்து பங்கேற்பாளரிடம் வாங்கும் ஒப்புதல் படிவத்தில், ஆய்வாளர் வேறு நிறுவனத்துக்கு மாறினால் இத்தரவு அவரோடு அங்கே செல்லலாம் என்று ஒரு வரியைச் சேர்த்து, நெறிமுறைக் குழுவுக்கு முதல் விண்ணப்பம் அனுப்பும்போதே அதற்கும் அனுமதி வாங்கிவிடுகிறேன்.